எட்டாம் தடம்

நாடாவை வேகவைப்பேன் என்றால்
யாரும் நம்புவதில்லை.
ஐம்பத்துநான்கு டிகிரி, எட்டு மணி நேரம்.
பழைய நாடா பசை கக்கும்.
அப்படியே ஓடவிட்டால் பாட்டு உதிர்ந்து
பழுப்புத் தூளாய் விரலில் ஒட்டும்.
காளான் உலர்த்தும் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
துலூத் நகரில் இந்த வேலைக்கு
என்னிடம்தான் வரவேண்டும்.

இன்று உள்ளே இருப்பது எண்பத்தொன்றாம் ஆண்டு.
நான்கு பையன்கள், கடன் வாங்கிய வேன்,
பதினோரு நாள் வாடகை.
கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த நான்
கன்சோல் முன் உட்கார்ந்து நாலு மாதம்.

அதற்குப் பிறகு இருநூற்றுப் பதினொரு தட்டுகள்.
பின்னட்டையில் என் பெயர் பொடி எழுத்தில்,
அச்சகத்தின் முகவரிக்குச் சற்று மேலே.
ஒருவன் மூச்சை வெட்டி எறிந்திருக்கிறேன்,
அவனுடைய வேறொரு நாளின் மூச்சை
பிளேடால் நறுக்கி ஒட்டியிருக்கிறேன்.
நன்றாகப் பாடிய செவ்வாயை அழித்துவிட்டு
அழுதுகொண்டே பாடிய புதனை வைத்துக்கொண்டேன்.
தங்கத் தட்டு ஒன்று, குளியலறையில் மாட்டியது.
இடது காதில் நாலாயிரம் ஹெர்ட்ஸில் ஒரு விசில்,
அது மட்டும் ஓய்வு பெறவில்லை.

மறுபதிப்பாம். புதிதாகக் கலந்து தர வேண்டுமாம்.
கேட்டுவிட்டு ரெய்னோ வந்தான்,
பனி பூட்ஸை வாசலில் உதறியபடி.
தாதுத் துறையில் முப்பது வருஷம்;
விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு.
‘மார்கிட், பேஸை மட்டும் தனியாகப் போடேன்’ என்றான்.

போட்டேன். இருபத்துமூன்றாம் தடம்.

சொல்லிவிடுகிறேன்.
அது அவன் இல்லை.
‘பையன் பின்தங்குகிறான், விடிவதற்குள் சரிசெய்’ என்று
மினியாபோலிஸ்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.
இரவு ரெய்னோவின் கிட்டாரையே எடுத்து
ஒன்பது பாட்டும் நான்தான் வாசித்தேன்.
எட்டாம் தடத்தை அழிக்கச் சொன்னார்கள்.
மனம் வரவில்லை என்றால் நன்றாக இருக்கும்.
தூங்கிப்போனேன், அவ்வளவுதான்.

ரெய்னோ கண்ணை மூடிக் கேட்டான்,
இரண்டு சரணம் வரைக்கும்.
‘நல்லா வாசிச்சிருக்கே’ என்றான்.

விசில்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

‘தட்டு வந்த அன்னிக்கே தெரியும்.
வீட்டுல உட்கார்ந்து ஊசியைத் திரும்பத் திரும்ப வெச்சு
உன்னைப் பழகினேன்.
பிறகு எல்லா மேடையிலும் உன்னைத்தான் வாசிச்சேன்.
ஒருத்தனும் கண்டுபிடிக்கலே.’

நான் பதில் சொல்லாமல்
எட்டாம் தடத்தின் ஃபேடரை ஏற்றினேன்.

நாற்பத்திரண்டு வருஷம் யாரும் கேட்காத பையன்
வந்து நின்றான்.
ஒரு கம்பி அதிர்ந்து உறுமியது.
டிரம்முக்கு அரை அடி பின்னால்,
கைப்பையைத் தேடுகிறவன்போல்.
அப்போதுதான் டிரம்மையும் தனியாகக் கேட்டேன்.
ஓடியவன் கர்ட்.
ஒவ்வொரு பாட்டிலும், ஒவ்வொரு அளவிலும்
கர்ட் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான்.
இவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து
இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.
அந்தக் கையைத்தான் நான் தட்டிவிட்டேன்,
ஓடுகிறவனோடு சேர்ந்து ஓடிவிட்டு.

கர்ட் காரையும் அப்படித்தான் ஓட்டினான்.
அதை இருவருமே சொல்லவில்லை.

‘இதைத்தான் வைக்கப்போகிறேன்’ என்றேன்.
‘வேண்டாம். ஜனங்களுக்கு உன்னுடையதுதான் மனப்பாடம்.
என் மகளே அதைத்தான் முணுமுணுக்கிறா.’
‘ரெய்னோ, இதில் பாட்டு நிற்கிறது, பார்.’
‘நிக்கட்டும். எனக்குச் சாப்பாட்டு நேரம்.’

போகவில்லை அவன்.
ஏரியில் தாதுக் கப்பல் ஊதியது.
‘அதுவும் லேட்’ என்றான்.
இரண்டு ஃபேடர்களில்
ஆளுக்கொரு விரலை வைத்துக்கொண்டு
சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.
பின்னறையில் பெட்டி மணியடித்தது,
இரண்டாம் சுருள் வெந்துவிட்டது என்று.